‘வோஸ்’ என்றால் இருந்தார்

லண்டனில் இருந்து வந்து இறங்கிய அன்றைக்கே சாரங்கா, வழியை மறித்து நின்ற மாட்டைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்றாள். சிவலட்சுமி சிரித்த சிரிப்பில் கையில் இருந்த பால் சிந்திப்போனது. வீட்டுப் பெரியவர்களோடு மட்டும் தமிழ் கதைத்து வளர்ந்த பிள்ளை. அதற்குத் தெரிந்த தமிழில் மாட்டுக்கும் மரியாதை, கோழிக்கும் மரியாதை.

இரணைமடு வாய்க்காலை அண்டியிருக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியர் வருவார் வருவார் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்தது சம்பளம் வாங்காத இந்தத் தொண்டர் ஆசிரியைதான். ஒரு வருடம் இருக்கப்போகிறாள் என்றதும், முன்னறையை ஒழித்துக் கொடுத்தவள் சிவலட்சுமி. மகள் கஜனி பதினோராம் வகுப்பு, சாதாரண தரச் சோதினை எடுக்கிற வருடம். வீட்டுக்குள்ளேயே இங்கிலீசு வந்து குந்தியிருந்தால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

சிவலட்சுமியின் பாடு ஊருக்குத் தெரிந்த பாடுதான். தாய் தகப்பன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து குளத்தடிக் காணிக்கு வந்து குடியேறியவர்கள். அவள் கட்டிய யோகநாதன் நல்ல கமக்காரன், வயலே கதி என்று கிடந்தவன். கடைசிச் சண்டையின் முடிவில் வட்டுவாகல் பாலம் தாண்டி வரும்போது ஆமிக்காரர் ஆம்பிளைகளைப் புறம்பாக நிற்கச் சொன்னார்கள். “பேர் பதிஞ்சுபோட்டு விடுவம், நீங்கள் முன்னால போங்கோ” என்றார்கள். கைக்குழந்தையோடு அவள் முன்னால் போனாள். அவன் பஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் கண்டாள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

விடிய எழும்பி இடியப்பம் அவித்து ஏ நைன் வீதிச் சந்திக் கடைக்குக் கொடுத்துத்தான் அவள் கஜனியை வளர்த்தாள். நெற்றியில் குங்குமம் ஒரு நாளும் அழிந்ததில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் ஏதும் உதவி வரும் என்று எத்தனையோ பேர் வந்து சொல்லிப் பார்த்தார்கள். “சாகாத மனிசனுக்கு நான் ஏன் சாவு பதிய வேணும்?” என்று கேட்டு அனுப்பிவிட்டாள். கிளிநொச்சியில் கோயிலடிக் கொட்டிலில் காணாமல் போனவர்களின் படங்களோடு தாய்மார் போராட்டம் இருக்கும்போது அவளும் போய் இருப்பாள். அந்த வீட்டில் அவனைப் பற்றிய கதை எல்லாமே நேற்றுப் பார்த்த ஆளைப் பற்றிய கதைதான். “அப்பாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது.” “அப்பா தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடுறவர்.” கஜனி தகப்பனின் முகத்தையே அறியாதவள். ஆனாலும் தகப்பனுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டால் ஒன்று விடாமல் சொல்லுவாள்.

மாகாணம் முழுவதற்கும் பொதுவான மாதிரிச் சோதினை ஒன்று வர இருந்தது. சாரங்கா அதன் பழைய தாள்களைக் கொண்டுவந்து விறாந்தையில் விரித்தாள். முதலில் சிரித்தாள், பிறகு நெற்றியைத் தடவினாள், கடைசியில் தாளைத் தூக்கி எறிந்தாள். “படத்தைப் பார்த்து எழுதுக” என்ற இடத்தில் இருந்த படம், தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல ஒரே கறுப்பு. பந்தியை வாசித்து விடை எழுதச் சொல்லியிருந்தது. ஐந்தாவது கேள்விக்கு விடை அந்தப் பந்தியிலேயே இல்லை. ‘ஓல்ட்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டு, ‘நியூ’, ‘யங்’ இரண்டையும் போட்டு, ஒன்றைத்தான் சரி என்றார்கள். பிள்ளைகள், “கிழவருக்கோ ரீச்சர், சட்டைக்கோ?” என்று கேட்டார்கள். அவர்களுக்கு விளங்கியது தாள் எழுதிய பெரிய மனிதருக்கு விளங்கவில்லை. பிள்ளைகளின் தலைவிதியை எழுதுகிற தாளை ஒரு தரம் திருப்பி வாசித்துப் பார்க்கக்கூட நேரமில்லாதவர்களை என்னவென்று சொல்வது!

சாரங்கா தானே ஒரு தாளுக்கு விடை எழுதி, அவர்களின் விடைப்படி திருத்திப் பார்த்தாள். இங்கிலீசுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எழுபத்திரண்டு புள்ளி. கஜனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இனி உங்களுக்கு ரெண்டு இங்கிலீசு படிப்பிக்கப் போறன்” என்றாள் சாரங்கா. “ஒண்டு சரியான இங்கிலீசு. மற்றது சோதினை இங்கிலீசு. சோதினையில எது சரி எண்டு பாக்காதேங்கோ. கேள்வி எழுதினவர் என்ன நினைச்சிருப்பார் எண்டு யோசியுங்கோ.”

குசினிக்குள் இருந்து சிவலட்சுமி, “அப்ப என்ர பிள்ளை சாத்திரமும் படிக்க வேணுமோ ரீச்சர்?” என்று கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம்.

கஜனிக்கு ஒரே ஆசை. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர உயிரியலை ஆங்கிலத்தில் படிப்பிக்கும் வகுப்பு இருந்தது. இந்த மாதிரிச் சோதினையில் ஆங்கிலத்துக்கு அறுபது புள்ளி எடுத்தவர்களைத்தான் அதற்குச் சேர்ப்பார்கள். கஜனி எடுத்தது ஐம்பத்தொன்பது.

அன்றைக்கு அவள் சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டாள். சாரங்கா விடைத்தாளை வாங்கி வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நின்றாள். ‘மை ஃபாதர் ____ எ ஃபார்மர்.’ அடைப்புக்குள் இரண்டு சொல்: இஸ், வோஸ். கஜனி ‘வோஸ்’ என்று நிரப்பியிருந்தாள். சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டிக் கிடந்தது.

“ரெண்டும் சரி அன்ரி! ரெண்டில எதைப் போட்டாலும் சரி! இதுக்கு எப்பிடிப் பிழை போடுவினம்?”

“அதென்ன ரெண்டு சொல்லு?”

“அப்பாவைப் பற்றின வசனம் அன்ரி. இஸ் எண்டால் இருக்கிறார். வோஸ் எண்டால்…” சாரங்கா கொஞ்சம் தடுமாறினாள். “வோஸ் எண்டால் இருந்தார்.”

சிவலட்சுமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருந்தார். தான் பெற்ற பிள்ளை, தான் ஊட்டி வளர்த்த பிள்ளை, தாய்க்குத் தெரியாமல் தகப்பனை ‘இருந்தார்’ ஆக்கிவிட்டதே என்று அடுப்பை ஊதிக்கொண்டே நினைத்தாள். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் பிள்ளை, “ஓம் அம்மா, அப்பா இல்லைத்தானே” என்று சொல்லிவிட்டால்? வெளியில் ஆயிரம் பேர் சொன்னதைத் தாங்கினாள். அந்த வாயில் இருந்து அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. சாரங்காவும் கஜனியிடம் கேட்கவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது என்று அவள் நினைத்தாள்.

புள்ளியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கேட்பதென்றால் பெற்றோர் நேரில் வரவேண்டும். கஜனியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் கல்வித் திணைக்களக் கந்தோருக்குப் போனார்கள். அங்கே ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. கதிரை போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சாரங்கா படபடவென்று இங்கிலீசில் பொரிந்து தள்ளியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்கள் சொல்லுறது சரி பிள்ளை. ரெண்டும் சரிதான். ஆனா எங்களுக்கு அனுப்பின விடையில ‘இஸ்’ மட்டும்தான் கிடக்கு. அதை மாத்த எனக்கு அதிகாரமில்லை.” சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். அவர் தாளை இன்னொரு தரம் பார்த்தார். உதவி செய்ய உண்மையாகவே வழி தேடினார். தேடி எடுத்த வழிதான் அப்படி அமைந்தது. “ஒண்டு செய்யலாம். இந்தப் பிள்ளையின்ர தகப்பன் உயிரோட இல்லை எண்டால், அவவுக்கு ‘வோஸ்’ தானே சரி. அப்பிடி ஒரு விசேட குறிப்பு எழுதிப்போட்டு நான் புள்ளியைக் குடுக்கலாம்.” அவர் சிவலட்சுமியின் நெற்றியைப் பார்த்துத் தயங்கினார். “அம்மா, பிள்ளையின்ர தகப்பன்…?”

சாரங்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். “வேண்டாம் அன்ரி. வாங்கோ, போவம்.”

சிவலட்சுமி எழும்பவில்லை. சாரங்காவின் கையைப் பிடித்து இருத்தினாள். பிள்ளையே எழுதிவிட்டது, இனி நான் மட்டும் பிடித்துக்கொண்டிருந்து அவளுடைய படிப்பைக் கெடுப்பதா என்று ஓடியது மனம்.

“சான்றிதழ் ஒண்டும் தேவையில்லை அம்மா” என்றார் அவர். “நீங்கள் வாயால சொன்னாக் காணும்.”

“ஓம் ஐயா” என்றாள் சிவலட்சுமி. “அவர் செத்துப்போனார்.”

அவர் பேனையைத் திறந்தார். “எந்த ஆண்டு?”

“ரெண்டாயிரத்து ஒன்பது.”

அவர் எழுதினார். ஐம்பத்தொன்பதை வெட்டி அறுபது போட்டுக் கையெழுத்து வைத்தார்.

பஸ் ஊர் கிட்ட வரும்போதுதான் சிவலட்சுமி கேட்டாள். “பிள்ளை, அவர் அதைத் தமிழிலையோ எழுதினவர், இங்கிலீசிலையோ?”

“இங்கிலீசில அன்ரி.”

“அப்ப பரவாயில்லை” என்றாள். சாரங்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளி விட்டு வந்த கஜனி சைக்கிளை வேலியில் சாத்தாமல் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அறுபது என்றதும் தாயைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். சாரங்காவைப் பிடித்துச் சுற்றினாள். சிவலட்சுமிக்கு அந்த நேரம், செய்தது சரிதான் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

“எப்பிடி ரீச்சர் ஒத்துக்கொண்டவர்? நான் நினைச்ச காரணத்தையோ சொன்னனீங்கள்?”

“நீங்கள் என்ன நினைச்சு எழுதினனீங்கள்?” என்று சாரங்கா மெல்லக் கேட்டாள்.

“அதிலை என்ன, அப்பா இப்ப கமம் செய்யேல்லைத்தானே. எங்கயோ அடைச்சு வைச்சிருக்கிற இடத்தில வயல் இருக்குமே? முந்திக் கமக்காரரா இருந்தவர். வந்து திரும்பவும் விதைச்சாப் பிறகு ‘இஸ்’ போடலாம் எண்டு நினைச்சன்.” அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். “கேள்வி எழுதினவரை யோசிக்கச் சொன்னனீங்கள் எண்டு தெரியும் ரீச்சர். ஆனா அதில ‘மை ஃபாதர்’ எண்டு கிடந்துது. என்ர அப்பாவைப் பற்றிப் பிழையா எழுத எனக்கு மனம் வரேல்லை.”

சாரங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிவலட்சுமி வாசல் நிலையைப் பிடித்தபடி அப்படியே கீழே குந்தினாள். கந்தோருக்குக் கட்டிய சேலையைக்கூட அவள் இன்னும் மாற்றவில்லை.

“பிள்ளை” என்றாள் சாரங்காவைப் பார்த்து. “நாளைக்குப் போய் அந்தப் புள்ளியைத் திருப்பிக் குடுக்க ஏலாதோ?”

சாரங்கா அழத் தொடங்கினாள். கஜனி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் அம்மா? அங்க போய் என்ன சொன்னனீங்கள்?”

அந்தச் சொல்லை இரண்டாம் தரம் சொல்லச் சிவலட்சுமிக்கு வாய் வரவில்லை.