மாமாவின் மைப்புருவம்

எங்கள் வீட்டில் புருவத்தின் அருமை தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு அறிவியலில் படித்திருந்தேன். தோல் உடம்புக்குப் போர்வை, நகம் விரல்நுனிக்குக் கவசம், புருவம் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்காமல் தடுக்கும் வரப்பு. இதையெல்லாம் யாரும் கேட்காமலேயே எடுத்துச் சொல்லும் பழக்கமும் எனக்கு இருந்தது. அம்மா அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர் வைத்திருந்தாள்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து எங்களோடு தங்கி, இரும்பைக் காய்ச்சும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அவருக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயிருந்தன. அடுத்து மத்தூரிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோ வந்தது. போட்டோவைச் செல்போனில் அனுப்பும் காலம் இன்னும் வரவில்லை. மாமா அதைக் கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். இதுவும் போனால் இனி கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டார்.

நெற்றியில் சுருண்டு விழும் முடிதான் தன் அழகு என்பது மாமாவின் நம்பிக்கை. பெண் பார்க்கப் போவதற்கு முதல்நாள் அந்தச் சுருள் கலையக் கூடாதென்று, முகக்கவசம் போடாமல் உலைக்கதவைத் திறந்திருக்கிறார். குப்பென்று அனல் அடித்தது. இமை சட்டென்று மூடியதால் கண் தப்பியது. சுருள் பொசுங்கிவிட்டது, கூடவே புருவம் இரண்டும்.

"அடப்பாவி, உரிச்ச முட்டை கணக்கா வந்து நிக்கிறியேடா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மேல்தோல் உரிஞ்சாலும் அடியில புதுத்தோல் இருக்கும் மாமா," என்று நான் ஆறுதல் சொன்னேன். மாமா செருப்பைத் தேடினார்.

மறுநாள் காலை அம்மா கண்மையால் புருவம் வரைந்தாள். இடது பக்கம் நன்றாகவே வந்தது. வலது பக்கம் கொஞ்சம் மேலேறிவிட்டதால், மாமா எதையோ கேட்டு ஆச்சரியப்பட்ட முகத்தோடு பஸ் ஏறினார். "நெத்திப் பக்கம் மட்டும் கையக் கொண்டுபோனே, தொலைச்சுப்புடுவேன்" என்று கிருஷ்ணகிரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள் அம்மா.

சித்திரை வெயில். நாங்கள் மத்தூர் போய்ச் சேர்ந்தபோது அங்கே கரண்ட் இல்லை. "வாங்க, குந்துங்க. இப்பதாங்க போச்சு, வந்துடும்" என்றார் பெண்ணின் அப்பா. மாமா உட்கார்ந்ததும் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். கவசம் போகிறதே என்று எனக்குப் பதைத்தது. அம்மா என் தொடையைக் கிள்ளியதால் பேசாமல் இருந்தேன்.

மாமாவின் நெற்றியில் அரும்பிய வேர்வை நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. கண்கள் சிவந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. துடைக்க முடியாதே! மனுஷன் சிலைபோல உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"ஏந் தம்பி, என்னா ஆச்சு?" பெண்ணின் அப்பா பதறிப்போனார்.

"எங்கப்பா உசுரோட இல்லீங்க. நல்ல காரியம்னு வந்தா இவன் அவர நெனைச்சுக்கிருவான்" என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல். அந்த நல்ல மனிதர் தானும் கண்கலங்கித் தோள்துண்டை எடுத்தார்.

இதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. படித்த படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா? "அழுகை இல்லீங்க தாத்தா, அது வேர்வை. மாமாவுக்குப் புருவம் இல்ல. அதான் தடுக்க ஆளில்லாம உள்ள போகுது."

காபித் தட்டோடு வந்து நின்ற பெண் அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு ஈரத்துண்டோடு திரும்பினாள். "தொடைச்சுக்கோங்க, கண்ணு எரியும்ல" என்றாள். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் மாமா துடைத்துக்கொண்டார். புருவம் இரண்டும் துண்டோடு வந்துவிட்டன.

அந்தப் பெண் துண்டைப் பிடுங்கிக்கொண்டு வாயைப் பொத்தியபடி உள்ளே ஓடினாள். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டு அடையாள அட்டையின் கயிற்றைத் திருகினார். இப்போது நிஜமாகவே அழுதுவிடுவார் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வாங்கிக்கட்டிக்கொள்ளத்தான் என்று நினைத்துப் போனேன். அந்தப் பெண் மை அப்பிய துண்டோடு நின்றிருந்தாள். "புருவம் எப்பிடிப் போச்சு?" என்றாள். சுருள்முடி, உலைக்கதவு, கழுத்தில் தொங்கும் போட்டோ என்று எதையும் விடாமல் ஒப்பித்தேன்.

"என் போட்டோவா? தெனமும் மாட்டிக்கினா போறாரு?"

"தூங்கறப்ப மட்டும் கழட்டுவாரு."

அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "புருவம் திரும்ப மொளைக்குமா?"

"வேர் இருந்தா மொளைக்கும். கொஞ்ச மாசம் ஆகும்."

"ஆவணிக்குள்ள மொளைச்சிடுமா?"

அந்தக் கணக்கு பாடத்தில் இல்லை. தெரியாது என்று சொல்ல மனம் வராமல், "மொளைச்சிடும்" என்று அடித்துச் சொன்னேன். இவளுக்கு ஆவணியில் அப்படி என்ன அவசரம் என்று யோசித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன்.

மாமா சிவந்த கண்களோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாப்பா கேட்டாங்க?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமில்ல மாமா," என்றேன். "அவங்களுக்கு அறிவியல்ல ஒரு சந்தேகமாம்."