எங்களுக்கு ஒரு வார்த்தை வந்தபோது

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. வேட்டியை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். அவர் கடந்து போகும்போது பையன்கள் ஒரு எண்ணைச் சொல்வார்கள். "ஒம்போது." அவ்வளவுதான். ஐஸ் கம்பெனிக்கு லோடு ஏற்ற வந்த தெலுங்கு ஆட்கள் அவரைக் 'கொஜ்ஜா' என்றார்கள். தெருமுனையில் கறிக்கடை வைத்திருந்த பாய் 'மீட்டா' என்பார். இனிப்பு என்று அர்த்தமாம். நல்ல வார்த்தைதானே என்று நினைத்தேன், அதைச் சொல்லும்போது பாயின் முகம் போகும் போக்கைப் பார்க்கும்வரை. அம்மா இவை எதையும் சொல்ல மாட்டாள். "அது ஒரு மாரி. நீ உள்ள வா" என்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவரைத் தெருவில் போட்டு அடித்தார்கள். அவரை ஒரு லாரி டிரைவரோடு யாரோ பார்த்ததாகப் பேச்சு. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முழங்கைகளை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டு கிடந்தார். அடித்தவர்களில் என் அண்ணனும் ஒருவன். பிறகு வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுச் சோறு கேட்டான். அம்மா போட்டாள். மறுநாள் அந்த வீட்டில் பூட்டு தொங்கியது. அவர் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என் மனசு எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு இன்னொன்றையும் கவனித்தேன். இத்தனை மொழியில் இத்தனை வார்த்தை இருந்தும் எல்லாம் ஆண்களுக்குத்தான். பெண்ணைச் சொல்ல எங்கள் தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பெண்கள் கை கோர்த்துக்கொண்டு போனால் தோஸ்து என்பார்கள். ஒரே பாயில் படுத்தால் வீட்டில் இடமில்லை என்பார்கள். பெயர் இல்லாதவரை யாரும் தேட மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. பல வருஷம் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன்.

அப்பாவுக்குக் கிட்னி போன பிறகு டயாலிசிஸுக்காக டோல்கேட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அங்கே மெஷின் பார்க்கும் வேலையில் இருந்தவள்தான் என் தோழி. சூலூர்பேட்டைக்காரி. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள். அப்பா போன பிறகும் நாங்கள் பேசுவது நிற்கவில்லை. கடைசியில் திருவொற்றியூரில் ஒரு மாடி போர்ஷன் எடுத்து ஒன்றாகக் குடிபோனோம். வீட்டுக்காரரிடம் அவள் என் சித்தி பெண். அவள் அம்மாவிடம் நான் 'அக்கா'. நான் பில் போடும் கன்டெய்னர் யார்டில் அவள் என் 'ரூம்மேட்'. எங்களுக்குள் பேசிக்கொள்ள அவள் ஒன்று வைத்திருந்தாள், 'மன விஷயம்' என்று. தெலுங்கில் அதற்கு 'நம்ம விஷயம்' என்றுதான் பொருள். பஸ்ஸில் யார் காதில் விழுந்தாலும் இவர்களுக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணன் இப்போது துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். தோழியையும் கூட்டிப்போயிருந்தேன். அப்பாவைப் பார்த்துக்கொண்ட பெண் என்று அந்த வீட்டில் அவளுக்கு மரியாதை உண்டு. எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ப்ளஸ் டூ படிக்கும் அண்ணன் மகள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அத்த, ஒன்னு கேக்கட்டா? நீயும் ஆன்ட்டியும் ரெயின்போவா?"

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவளே விளக்கினாள். "எங்க கிளாஸ்ல ரெண்டு பொண்ணுங்க கீறாங்க. சில பேரு லெஸ்ஸுன்னு ஓட்டுவாங்க. நாங்க அப்டி சொல்ல மாட்டோம். ரெயின்போன்னுதான் சொல்வோம்."

அவள் குரலில் கேலி இல்லை. ஆசையாகத்தான் கேட்டாள். நான் அண்ணன் பக்கம் பார்த்தேன்.

"இன்னாது அது ரெயின்போ?" என்றான் அண்ணன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "வானவில்லு. மழ வர மாரி கீதுன்னு சொல்லிகினு கீறா. நீ மீன எடுத்துக்க."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அண்ணன் மீனை எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

திரும்பி வரும்போது தோழி, "அயிபோயிந்தி" என்றாள். முடிந்துபோயிற்று. வீட்டுக்கு வந்ததும் ஒரு பையில் துணியை அடுக்கினாள். சூலூர்பேட்டை ரயிலுக்குப் போகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். பை கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தது. அண்ணனிடமிருந்து போன் இல்லை. அதுதான் அதிக பயமாக இருந்தது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்துவோம். யார்டில் இரண்டு பேர் ஏதாவது பேசிச் சிரித்தால், என்னைப் பற்றித்தானோ என்று காது அங்கேயே போகும். முதல்முறையாக எனக்கும் ஒரு வார்த்தை வந்திருந்தது. இனி என்னைக் கண்டுபிடித்துவிடலாம்.

சில நாள் கழித்து மத்தியானம் தோழி போன் செய்தாள். அன்றைக்கு அவளுக்கு லீவு. "உங்க அண்ணா வந்திருக்காரு. நீங்க கொஞ்சம் வாங்க."

என்னை அவள் ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை.

ஷேர் ஆட்டோ பிடித்தேன். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. ஆட்டோ நகரவில்லை. இறங்கி லாரிகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாகப் போனேன். மறுபடி போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. தரையில் முகத்தை மறைத்துக்கொண்டு கிடந்த அந்த மனிதரின் முழங்கைகள்தான் கண்ணுக்குள் நின்றன.

கதவு திறந்திருந்தது. அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் சமையல் மேடையை ஒட்டி நின்றிருந்தாள். முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன், பிறகு கைகளை. ஒன்றும் ஆகவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த தண்ணீர் தொடாமல் இருந்தது.

"கதவ சாத்து" என்றான். சாத்தினேன்.

"பாப்பா சொன்னதுக்கு அர்த்தம் இன்னான்னு எங்க கிளீனர்கிட்ட கேட்டேன். அவன் சிரிச்சான். இன்னாணா, உன் வூட்ல யார்னா கீறாங்களான்றான். அடிச்சிட்டேன் அவன." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "நெஜந்தானா?"

"எது?"

வாயைத் திறந்தான். அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வரவில்லை. "அதான்."

எனக்கும் வரவில்லை. "ஆமாண்ணா. அதான்" என்றேன்.

"பொம்பளைங்கள்லகூடவா கீது இது?"

என்னை அறியாமல் கதவுக்கும் அவனுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஐஸ் கம்பெனிக்காரன் நெனப்பு கீதா உனக்கு?"

"கீது. ஜன்னல்லருந்து பாத்தேன். நீயும் இருந்த."

அவன் முகம் மாறியது. எழுந்துகொண்டான். அவள் பின்வாங்கியதில் மேடைமேல் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

"இங்க இருக்காதீங்க" என்றான். குரல் தாழ்ந்துவிட்டது. "இங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவனுங்க. எவனா ஒருத்தன் வாய்ல இது வந்திச்சின்னா என்னால தடுக்க முடியுமான்னு தெர்ல. தடுப்பனான்னும் தெர்ல."

கதவைத் திறந்துவிட்டு மறுபடி திரும்பினான். "வெளிய அக்கா தங்கச்சின்னே சொல்லிக்கோ. எவன்னா கேட்டா நானும் அதான் சொல்வேன். எங்க வூட்டுக்கு வராத. பாப்பா கல்யாணம் முடியற வரிக்கும் வராத."

கீழே அவன் வண்டி கிளம்பும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு அவள் குனிந்து கரண்டியை எடுத்துக் கழுவினாள். ஒரே கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான்தான் குழாயை மூடினேன்.

அந்த மாதமே கொடுங்கையூரில் ஒரு பிளாட்டுக்கு மாறினோம். குப்பைமேட்டுப் புகைக்கு அங்கே எல்லோருமே ஜன்னலை மூடித்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூடினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அம்மா அண்ணன் இல்லாத நேரம் பார்த்துப் பேசுவாள். "அவ நல்லா கீறாளா?" என்று கேட்பாள். அவ என்பதற்குமேல் அம்மா எதுவும் சொன்னதில்லை.

போன வாரம் அண்ணன் மகள் அவள் சிநேகிதியின் போனிலிருந்து கூப்பிட்டாள். அழுதிருப்பாள் போலிருந்தது.

"அத்த, நான் தப்பா ஒன்னும் சொல்லல இல்ல? நல்ல வார்த்தன்னு நெனச்சுதான் சொன்னேன்."

"நல்ல வார்த்ததாம்மா" என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வந்தேன். அடுத்த வீட்டு டிவி திடீரென்று நின்றது. சுவர் மெலிசு. அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.