பட்டைக்குக் கீழே ஒரு பொத்தான்

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் சிறிய அலுவலகம் ஒரு கண் மருத்துவமனைக்கு இணையத்தில் முன்பதிவுப் பக்கம் செய்துகொடுத்தது. போனில் பதிவதை மருத்துவமனை நிறுத்திவிட்டது. திகதியைத் தெரிவுசெய்து, அடியில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பக்கத்துக்கு நிரல் எழுதியவள் நான்.

பக்கம் வெளியாகி இரண்டாவது வாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர், பொத்தானைக் காணவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினார். என் கணினியிலும் போனிலும் பார்த்தேன், இருந்தது. எங்களுக்குச் சரியாக வேலை செய்கிறது, உங்கள் பிரவுசரைப் புதுப்பியுங்கள் என்று பதில் போட்டேன். அவர் மறுபடி எழுதவில்லை.

ஒரு மாதம் கழித்து வேறு இருவர் அதையே சொன்னபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. கொட்டாஞ்சேனைக்காரரின் மின்னஞ்சலில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். ஸ்கிரீன்ஷொட் எடுக்கத் தெரியாது, வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன் என்றார். லப்டொப்போடு பஸ் ஏறினேன்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கையில் இருந்தது மகள் பாவித்துவிட்டு அனுப்பிய பழைய போன். அதற்குப் புதிய பிரவுசர் இனி வராது. கறுப்புக் கண்ணாடியோடு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதிவு அவருக்குத்தான்.

பக்கத்தைத் திறந்து காட்டினார். பொத்தான் வரவேண்டிய இடத்தில், பின்னுக்குப் போகும் அம்புக்குறியுள்ள பிரவுசரின் அடிப்பட்டை கிடந்தது. திரையில் கண்ணுக்குத் தெரியும் உயரத்தை மட்டும் எடு என்று நான் எழுதியிருந்த புதுக் கட்டளை அந்தப் பழைய பிரவுசருக்கு விளங்கவில்லை. அது பட்டையையும் சேர்த்து அளந்து, பொத்தானை அதற்குக் கீழே தள்ளிவிட்டது. பக்கம் மேலே நகராதபடி பூட்டியதும் நானேதான்.

"எனக்குத்தான் பாவிக்கத் தெரியேல்லை எண்டு நினைச்சன் மகள்," என்றார் அவர். "சரியா வேலை செய்யுது எண்டு நீங்க எழுதியிருந்தீங்கதானே. ஒவ்வொரு நாளும் திறந்து தேடினனான்."

அவர்கள் வீட்டு மேசையிலேயே திருத்தினேன். இரண்டு வரி. பொத்தான் வந்தது. அவர் மெதுவாக அழுத்தினார். வரும் புதன்கிழமைக்கு இடம் கிடைத்தது.

"அது என்ன நிறம் பிள்ளை?" என்று மனைவி கேட்டார்.

"பச்சை, அன்ரி," என்றேன்.

புதன் கழிந்து அவரை அழைத்து விசாரித்தேன். மனைவியின் வலக் கண்ணைக் காப்பாற்றலாம், இடக் கண்ணில் போன பார்வை திரும்பாது என்று டொக்டர் சொன்னாராம். கண்ணின் அழுத்தம் கனகாலமாகவே கூடியிருந்ததாம். அந்த ஒரு மாதம் எவ்வளவு பார்வையைக் கொண்டுபோனது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை. நான் அனுப்பிய பதில் பிழையானது என்று மட்டும் சொன்னேன்.

"ஓம் மகள், அது பிழைதான்," என்றார்.

அவர் போனை வைக்கும்வரை காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.