கொழுப்பில்லாத பர்கர்

நெஞ்சுவலி வந்து என் வீட்டுக்காரர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் வராந்தாவில் கிடந்தேன். கிளம்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: ஆட்டுக்கறி கூடாது, கோழி சாப்பிடலாம், தோலும் கொழுப்பும் கூடவே கூடாது, இன்னொரு முறை வந்தால் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷன் இவர். சென்னையில் வேலை பார்த்த மகள்தான் ஃபோனில் பர்கர் செய்யச் சொல்லிக்கொடுத்தாள்.

கோழியின் நெஞ்சுக்கறியை நானே கத்தியால் கொத்துவேன். தோள்பட்டை விட்டுப்போகும். இஞ்சி, மிளகு, வெங்காயம், உதிராமல் இருக்க நனைத்துப் பிழிந்த ரொட்டி சேர்த்துத் தட்டி, கரி அடுப்பில் கம்பி வலை போட்டுச் சுடுவேன். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. பேக்கரி பன்னுக்கு நடுவே வைத்துக் கொடுத்தால், "தேங்கா நார மெல்ற மாதிரி இருக்குது" என்பார். பரவாயில்லை, உயிரோடு மெல்லட்டும் என்றிருப்பேன்.

ஒரு ஞாயிறு ஐயம்பேட்டையிலிருந்து அவருடைய அக்கா வந்தார். "நீ போய் குளிம்மா, இன்னிக்கு நான் சுடறேன்" என்றார். நல்ல மனசு என்று நம்பிப் போனேன். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் இரண்டு தின்று முடித்திருந்தார். வலையில் கிடந்த கடைசித் துண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ, கரி குப்பென்று எரிந்தது. என் கறி ஒருநாளும் அப்படி எரிந்ததில்லை. பிய்த்துப் பார்த்தேன். பொடியாக நறுக்கிய தோல்.

"இன்னா அண்ணி இது? அவரக் கொல்லப் பாக்கறீங்களா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். பதில் குழாயடியிலிருந்து வந்தது.

"அக்காவ ஏன் திட்டற? நான்தான் வாங்கியாரச் சொன்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ கைக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நெய்துகொண்டிருந்த முகூர்த்தப் பட்டுப்புடவை தறியில் பாதியில் நின்றது. கழுவினார், விரல்களை மோந்து பார்த்தார், மறுபடி சோப்பை எடுத்தார். பிசுக்குக் கையோடு ஒருநாளும் பட்டைத் தொடமாட்டார்.

"பொடவையில ஒரு பொட்டு கொழுப்பு படக்கூடாதுன்னு மூணு தபா கழுவிக்கினு இருக்கீங்களே! உள்ள போனத எந்த சோப்பு போட்டுக் கழுவுவீங்க?"

மீதியைத் தூக்கி அடுப்பிலேயே போட்டேன். நன்றாகவே எரிந்தது.