வேம்புலியம்மாள் போடாத கையெழுத்து

மேனாம்பேடு வேம்புலியம்மாளிடம் ‘உனக்கென்ன தெரியும்’ என்று கேட்டவர்கள் மறுபடி கேட்டதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆய்வுக்கூடம். அங்கே பதினோரு வருஷமாக எலிகளுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் அவள்தான். படிப்பு எட்டாவது. மிச்சம் கிடக்கும் தீனியைப் பார்த்தே எந்த எலிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள்.

அன்றைய சோதனை இதுதான். மூளைக்குள் டோபமைன் என்றொரு வேதிப்பொருள், ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் சேதி கொண்டுபோகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை மருந்து போய் அடைத்துக்கொண்டால் சேதி சேராது. எலி விழித்துத்தான் இருக்கும். ஆனால் முன்னங்கால்களைத் தூக்கிக் கம்பிமேல் வைத்தால் வைத்தபடியே நிற்கும். வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்ட எலியோ உடனே இறங்கிவிடும்.

அன்று எல்லாம் தலைகீழ். மருந்துக் கூண்டு எலிகள் இறங்கி ஓடின. உப்புத்தண்ணீர் எலிகள் நின்றன. ஆய்வுக்கூடத் தலைவர் தமிழ்வாணன் யோசிக்கக்கூட இல்லை. கூண்டு கழுவும்போது வேம்புலியம்மாள் எலிகளை மாற்றிப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். ‘என் தவறு’ என்று அவள் பேரில் ஒரு கடிதம் தயாரானது. கையெழுத்துப் போட்டால் வேலையும் போகும், பதினோரு வருஷப் பேரும் போகும்.

“நான் மாத்தல சார். போட மாட்டேன்.”

“அப்போ மருந்து வேலை செய்யலைங்கறியா?”

“அது எனுக்குத் தெரியாது. ஊசி போடாத புது எலி உள்ள கீது. நீங்களே எடுங்க, ரெண்டு பாட்டில்லேந்தும் நீங்களே போடுங்க. நான் கதவாண்ட நிக்கறேன்.”

தமிழ்வாணன் முகம் சுளித்தார். உதவியாளர் தீபிகாதான், “செஞ்சு பாத்துடலாம் சார்” என்றாள்.

ஊசி போட்டு அரை மணி கழித்துக் கம்பியில் வைத்தார்கள். ‘மருந்து’ என்று சீட்டு ஒட்டிய பாட்டிலின் எலி இறங்கிப் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டது. ‘உப்புத்தண்ணீர்’ பாட்டிலின் எலி அசையவில்லை. பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டியவர் தமிழ்வாணன்.

வேம்புலியம்மாள் மேஜைமேல் கிடந்த கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். நடந்தது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. கடிதம்தான் முதலில் வந்தது.

“சரி, விடும்மா. போய் வேலையைப் பாரு.” கடிதத்துக்குக் கை நீட்டினார் அவர். அவள் கொடுக்கவில்லை.

“இன்னா சார் விடறது? கூண்டு மாறல, சீட்டுதான் மாறிச்சுன்னு எழுதுங்க. நான் போட வேண்டிய எடத்துல நீங்க கையெழுத்து போடுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் கீறேன்.”

அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தமிழ்வாணன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.