பொட்டு வைத்த ஒரு டொலர்த் தாள்

செய்தி வந்தபோது நான் வேலை செய்யும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் கைத்தொலைபேசியை எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் அழைத்தது யோகநாதன் அண்ணையின் மனைவி பாக்கியம் அக்கா. அவர் பகலில் அழைப்பவர் அல்லர். எடுத்தேன்.

“பிள்ளை, அவர் போயிட்டார்” என்றார். “காலமை தேத்தண்ணி குடிச்சவர். கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைச்சவர். கதிரையில வந்து இருந்தவர். அவ்வளவுதான்.”

யோகநாதன் அண்ணையை மொன்ட்ரியால்-நோரில் பலர் ஒரு டெபனர்க் கடைக்காரராக அறிவார்கள். பாணும் பாலும் லொத்தர்ச் சீட்டும் விற்றவர். டோர்வலில் விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் பழங்காசுச் சந்தை கூடும்போது வருகிறவர்கள் அவரை வேறுவிதமாக அறிவார்கள். பழைய அமெரிக்கக் காசுத் தாள் ஒன்றை யாராவது அங்கே கொண்டுவந்தால், வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்தே அண்ணையும் நானும் இருக்கும் மேசைக்கு வருவார்கள். அண்ணை சொன்னால் அதுதான் விலை.

இறுதிச்சடங்கு மண்டபத்தில், வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா என் கையைப் பிடித்தார். “நான் இனிச் சின்னதொரு வீட்டுக்கு மாறப்போறன். அவற்ற தாள் எல்லாத்தையும் விக்க வேணும். நீதான் பார்த்து விலை சொல்ல வேணும். ஒண்டும் விடாமல்.”

ஓம் என்றேன். அந்தச் சேகரிப்பில் இருக்கும் ஒரு தாளுக்கு அக்காவின் முகத்தைப் பார்த்து எப்படி விலை சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை அதே நினைப்புத்தான்.

அந்தக் கதைக்கு வருமுன் அண்ணையின் குறைகளைச் சொல்லிவிட வேண்டும். இரங்கல் கட்டுரையில் அது வழக்கமில்லை. ஆனால் அவருடைய வழக்கம் அது. “குறையை முதல் சொல்லுங்கோ தங்கச்சி. விலையைப் பேந்து சொல்லலாம்” என்பார். ஆகவே சொல்கிறேன். அண்ணை பிடிவாதக்காரர். எங்கேயும் நேரத்துக்கு வந்ததில்லை. கார் ஓட்டும்போது வீதியைவிட வானத்தை அதிகம் பார்ப்பார். கலியாண வீட்டில் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். “இவர் தாளோடதான் கதைப்பார். நீயாவது எங்களோட கதை பிள்ளை” என்று அக்கா என்னிடம் குறைப்படாத நாளில்லை.

நான் அவரை முதன்முதல் கண்டது அவருடைய கடையில்தான். மார்கழிக் குளிர். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற வயதான பிரெஞ்சுக்கார அம்மா பாலுக்கும் பாணுக்கும் பெரிய பழைய அமெரிக்கக் காசுத் தாள் ஒன்றை நீட்டினார். அந்தக் காலத்து அமெரிக்கத் தாள்கள் இன்றைய தாளைவிட ஒன்றரை மடங்கு பெரியவை. கியூபெக்கிலிருந்து அமெரிக்க நெசவாலைகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த தாள்கள் இங்கே இன்னமும் பழைய வீடுகளில் கிடக்கின்றன. அண்ணைக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதன் பெறுமதி கூடவாயிருக்கும், யாரிடமாவது காட்டுங்கள் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூருக்கும் மெர்சிக்கும் நடுவில் சில சொற்கள்தான். அம்மாவுக்கு விளங்கியது தன் காசு செல்லாது என்கிறார் என்று. கோபித்துக்கொண்டு தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அண்ணை கோட்டும் போடாமல் தாளோடு பனிக்குள் ஓடினார். ஓடும்போது என்னைப் பார்த்து, “கடையைப் பாருங்கோ தங்கச்சி” என்றார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. நான் காசுப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு பேருக்குச் சிகரெட்டும் விற்றேன். திரும்பி வந்தவரின் மீசையில் பனி. “குடுத்துப்போட்டன்” என்றார், பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் போல.

அந்தத் தாள் அவரைப் பிடித்துக்கொண்டது. புத்தகங்கள் வாங்கினார், சந்தைகளுக்குப் போனார். எனக்குப் பிரெஞ்சு வரும் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போகப் போக எனக்கும் பித்துப் பிடித்தது. அவர் தாளின் படத்தை முதலில் பார்க்கமாட்டார். பின்பக்கத்தைத் திருப்பி யன்னலுக்கு நேரே பிடிப்பார். விரல் நுனியால் தடவுவார். அச்சு எழும்பி நிற்கிறதா, ஊசித்துளை உண்டா, மடிப்பை யாராவது அழுத்தி மறைத்திருக்கிறார்களா என்று தேடுவார். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவார்.

ஒரு கோடையில் இல்-பிசார் தீவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். காலமான தன் பெரியத்தையிடமிருந்து கிடைத்த தாள்களை மேசையில் அழகாக விரித்து வைத்திருந்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன. அண்ணை ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

“சவர்க்காரம் மணக்குது. கழுவி, மினுக்கியும் இருக்கிறார். தாளின்ர உயிர் போயிட்டுது எண்டு சொல்லுங்கோ.”

நான் அதைக் கொஞ்சம் நாசூக்காக மொழிபெயர்த்தேன். அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் என் குரல் தெரியும். “இனிப்புப் பூசாதேங்கோ தங்கச்சி. நான் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ.” சொன்னேன். அந்த மனிதர் வாசலைக் காட்டினார்.

லவாலுக்குப் போகும் படகில் கார் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன். வாங்கிய பிறகு சொல்லியிருக்கலாமே என்றேன். அண்ணை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வாங்கினாப்பிறகு சொன்னால் அது குறை இல்லை, கள்ளம்” என்றார்.

இலையுதிர் காலம் தொடங்கும்போது அதே மனிதர் மறுபடி கூப்பிட்டார். வேறொருவர் வந்து ஒவ்வொரு தாளையும் ஆகா ஓகோ என்று புகழ்ந்து, அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தார். இப்போது பெரியத்தையின் செபப் புத்தகத்துக்குள் இன்னுமொரு தாள் அகப்பட்டிருந்தது. இதைக் கழுவவில்லை, உங்களுக்குத்தான் தருவேன் என்றார். கடைக்குக் குளிர்ப்பெட்டி வாங்க வைத்திருந்த காசை அண்ணை அப்படியே கொடுத்தார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

1896ஆம் ஆண்டின் ஒரு டொலர்த் தாள் அது. அமெரிக்கா அச்சிட்ட தாள்களிலேயே வடிவானது என்று அண்ணை சொல்வார். நீள உடை உடுத்த ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அருகில் ஒரு பையன். எதிரே விரித்த புத்தகம். வரலாறு என்பதைப் பெண்ணாக உருவகித்து வரைந்திருக்கிறார்கள். புழங்காத தாள். பின்பக்கம் தடவினால் அச்சு விரலில் தட்டுப்படும். சந்தையில் அதைப் பார்த்தவர்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள்.

அந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு அண்ணை தன் லென்ஸையும் அந்தத் தாளையும் சுவாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தொழில் செய்கிற பொருளைப் பூசையில் வைப்பதுதானே நமது வழக்கம். நான் அவலும் கடலையும் சாப்பிடப் போயிருந்தேன். தட்டைக் கிட்டே போய்ப் பார்த்தேன். தாள் பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே இருந்தது. பெண்ணின் நெற்றியில் ஈரச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

“பிளாஸ்டிக்குக்கு மேல பொட்டு வைக்கிறதே? அதுதான் எடுத்தனான்” என்றார் அக்கா சந்தோசமாக. “முன்னால பொத்தகம், பக்கத்தில படிக்கிற பிள்ளை. வெள்ளைக்காரன்ர சரஸ்வதி இவ.”

எண்ணெயும் ஈரமும் தாளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் பெறுமதி அந்த ஒரு பொட்டில் போயிருந்தது. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் குனிந்து பார்த்தார். “ஓம், வடிவாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவல் கிண்ணத்தை எடுத்தார்.

அதன்பின் அந்தத் தாள் சந்தைக்கு வரவேயில்லை. யார் கேட்டாலும், “அது வீட்டில நிக்குது” என்பார். வாழ்நாள் முழுவதும் குறையை மறைக்காதவர் மனைவிக்காக ஒரேயொரு குறையை மறைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அதற்காக அவர்மீது எனக்கு மதிப்புக் கூடியது. அதனால்தான் அக்கா விலை கேட்டபோது கலங்கினேன். அவர் மறைத்து வைத்ததை நான் எப்படி உடைப்பது?

எட்டுச் செலவுக்கு மறுநாள் அக்காவின் சாப்பாட்டு மேசையில் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குறையைச் சொன்னேன், பிறகு விலையைச் சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக எழுந்துபோய்ச் சுவாமி அறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தார். அவருடைய வெறும் நெற்றியைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. தாளைத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கறை மறுபக்கத்துக்கு ஊறியிருந்தது. பிறகு அண்ணையின் லென்ஸை வைத்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. அது ஒரு பொட்டு அல்ல. காய்ந்த சந்தனத்தின் மேல் சந்தனம், குங்குமத்தின் மேல் குங்குமம். ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து தடித்திருந்தது.

“அக்கா, இதில ஒரு குறை இருக்கு” என்று தொடங்கினேன்.

“தெரியும் பிள்ளை. அண்டைக்கு நீ வாசல் தாண்டின கையோட அவர் சொல்லிப்போட்டார். குறையை முதல் சொன்னார். தாள் பழுதாப்போச்சு, பொட்டு வைச்சதாலதான் எண்டு முகத்துக்கு நேர சொன்னார். நான் அழுதன். எவ்வளவு போச்சுது, விலையையும் சொல்லுங்கோ எண்டன்.”

“சொன்னாரோ?”

“இல்லை. ‘இது இனி விக்கிற தாள் இல்லை, விலை கேளாதையும். வாற வருசமும் அதே இடத்தில வையும்’ எண்டார். ஒவ்வொரு பூசைக்கும் தானே உறையைக் கழட்டி, தானே ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு நிப்பார். நான் வைப்பன்.”

நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி உறைக்குள் மெதுவாக இறக்கினார்.

“நீ இதையும் விக்கப் பார்ப்பாய் எண்டுதான் கொண்டந்து காட்டினனான். விலை எழுதிப்போடாதை. இந்த வருசம் செத்த வீட்டுத் துடக்கு, பூசை இல்லை. வாற வருசம் வைப்பன். நீ வந்து பிடிச்சுக்கொள்.”

சுவாமி அறையில் அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் அதை மறுபடி சாய்த்து வைத்தார். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு நெற்றிகளிலும் பொட்டு இருந்தது.

அண்ணை, உங்கள் குறையெல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். விலை சொல்ல எனக்குத் தெரியவில்லை. போய் வாருங்கள்.