பயந்த இடத்து மண்

பத்தாவது பரீட்சைக்கு முன்னால் எனக்கு வந்த பயம் சின்னதுதான். அந்தப் பயத்தைப் போக்குகிறேன் என்று வீட்டில் ஆளாளுக்குக் கிளம்பினார்களே, அதில் நான் பட்ட பாடுதான் பெரிது. உங்களில் யாராவது இந்த வருஷம் பத்தாவது எழுதினால் உங்களுக்கும் இது நடக்கும். அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற பக்கம் இருக்கிறது. மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில்தான் பரீட்சையும் வரும். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். குனிந்து பிடுங்கிப் பிடுங்கி வீட்டில் எல்லோருக்கும் முதுகு ஒடிந்துபோயிருக்கும். அப்படியிருந்தும் என் பயத்தைக் கவனிக்க மட்டும் அவர்களுக்கு எங்கிருந்து நேரம் கிடைத்ததோ தெரியவில்லை.

எனக்குக் கணக்கு வராது. சுத்தமாக வராது என்றில்லை. வீட்டில் உட்கார்ந்து போட்டால் வரும், வினாத்தாளைக் கையில் கொடுத்தால் ஓடிவிடும். அரையாண்டில் பெயில். அதற்குப் பிறகு வைத்த திருப்புதல் தேர்வில் முதல் கேள்வியைப் படித்ததுமே கை வேர்த்து, தேற்றம் பாதியில் நின்றுவிட்டது. அதிலும் பெயில். பொதுத் தேர்விலும் இப்படியே ஆனால் மேலே படிப்பு கிடையாது. இது எனக்கே தெரியும். எனக்குத் தெரிந்ததையே எல்லோரும் தினம் வந்து சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பா, சாப்பிட உட்காரும்போதெல்லாம் பயப்படாதே என்பார். பயந்தவன் எவனும் தேறினதில்லை என்பார். பிறகு ஊரில் தேறாதவர்கள் யார் யார், இப்போது எங்கே என்ன பாடு படுகிறார்கள் என்று ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லுவார். கடைசியில் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பெயிலானா கூட ஒண்ணும் ஆவாதுடா. கொல்லை இருக்குது, மம்பட்டி இருக்குது" என்று முடிப்பார்.

நான் படிக்க வேண்டும் என்று சித்தப்பா எங்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு போனார். போனவர் அதை அடுத்த வீட்டில், அதாவது தன் வீட்டில் வைத்து, இங்கே காது கிழிகிற மாதிரி கிரிக்கெட் பார்த்தார். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று முதல் குழம்பிலும் வெண்டைக்காய், பொரியலிலும் வெண்டைக்காய்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டவன், ஒருநாள் சாயங்காலம் வாய் தவறி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"பயமா இருக்குதும்மா."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "எங்கடா பயந்த?"

"கணக்குல."

"அது இல்லடா. எந்த எடத்துல?"

எங்கள் வீட்டில் பயம் என்றால் அது ஓர் இடத்தில்தான் பிடிக்கும். ஏரிக்கரை, புளியமரத்தடி, மோட்டார் கொட்டகை, இப்படி எங்காவது. பிடித்த இடம் தெரிந்துவிட்டால் அதை எடுத்துவிடலாம். இடமே இல்லாமல் ஒரு பயம் உண்டு என்று அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. நான் என்ன சொல்லியும் புரியவைக்க முடியவில்லை.

அம்மா போய் அத்தையைக் கூட்டிவந்தாள். அத்தை என்றால் நைனாவின் அக்கா. பயம் எடுக்கிற விஷயத்தில் எங்கள் தெருவில் அவள் சொன்னதுதான். என்னை எதிரே உட்காரவைத்து விசாரித்தாள். பொழுது போன பிறகு மோட்டார் கொட்டகைப் பக்கம் போனாயா என்றாள். இல்லை. பள்ளிக்கூடத்தில் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்களே, அங்கே தனியாக ஒதுங்கினாயா என்றாள். ஒதுங்கினேன், ஆனால் பயப்படவில்லை, ஒரு குரங்கு வந்து டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனது, அவ்வளவுதான் என்றேன். குரங்கா என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் செஞ்சிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிவாசல் வாசலில் நிறுத்தினார்கள். சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் அங்கே காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஓதி ஊதுவது வழக்கம். எல்லாம் கைக்குழந்தைகள். நடுவில் மீசை முளைக்கிற வயதில் நான் ஒருவன். ஒரு பாய் என் முகத்தில் ஊதிவிட்டு, காய்ச்சலா தம்பி என்று கேட்டார். இல்லை, கணக்குப் பரீட்சை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு தடவை ஊதினார்.

தமிழும் இங்கிலீஷும் எப்படியோ எழுதி முடித்தேன். கணக்குக்கு முதல் நாள் மறுபடியும் கை வேர்க்க ஆரம்பித்தது. அத்தை என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது ஓதி ஊதிப் போகிற பயமில்லை, பயந்த இடத்து மண் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பயந்தவன் கால் வைத்த தடத்திலிருந்து மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போட வேண்டும். அதற்கு இடத்தைச் சொல் என்று மறுபடியும் ஆரம்பித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பரீட்சை எழுதற ஸ்கூல் கேட்டாண்டதான் பயந்தேன், போதுமா?" என்று கத்திவிட்டுப் போய்விட்டேன். இனிமேல் யாரும் எதுவும் செய்ய முடியாது, அந்த இடத்தில் மண் அள்ள எவன் விடுவான் என்று நினைத்தேன். அத்தைக்கோ ஒருவழியாக இடம் கிடைத்த சந்தோஷம்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினால் அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்காமல் எனக்கு முன்னால் நடந்தாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பரீட்சை மையம் செஞ்சியில் வேறொரு பள்ளிக்கூடம். வாசலில் போலீஸ் நின்றது. பரீட்சைக்கு முன்னால் பெற்றோர் யாரையும் கேட்டுக்கு அருகில் விடுவதில்லை. பிட்டு கொடுத்துவிடுவார்கள் என்று சந்தேகம். அம்மாவை எதிர்ப்பக்கம் நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். முதல் மணி அடித்தது. என் அறையைத் தேடிக்கொண்டிருக்கும்போது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்தான்.

"டேய், உங்கம்மாவ போலீஸ் புடிச்சிகிச்சிடா."

கேட்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு பெண் போலீஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா விரல்களை இறுக மூடியிருந்தாள். கையில் என்ன என்று அந்தப் போலீஸ்கார அம்மா கேட்கக் கேட்க, அம்மா வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்லாமல் இருக்க இருக்க அவருக்குக் கோபம் ஏறியது. சுற்றிலும் பிள்ளைகள், வாத்தியார்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மண்ணை எடுத்ததிலிருந்து அடுப்பில் போடுகிறவரைக்கும் யாரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் பயம் போகாது. இது அத்தையின் சட்டம். அம்மா அந்தச் சட்டத்தைப் போலீஸிடமே காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அது மண்ணு மேடம்" என்றேன்.

"இன்னா மண்ணு?"

"என் காலடி மண்ணு. பயத்துக்குச் சுத்திப் போடறதுக்கு."

"யாருக்குப் பயம்?"

இரண்டு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், மூடிய கையோடு.

"எனக்குத்தான். அதை வெச்சிருக்கும்போது அவங்க பேசக் கூடாது. அதான் பேச மாட்டேங்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் போலீஸ்கார அம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தார். அம்மா மெதுவாக விரலைத் திறந்து காட்டினாள். உள்ளே செம்மண். மணி அடித்துவிட்டதே, நீ உள்ளே ஓடு என்று போலீஸ்கார அம்மா என்னை விரட்டினார்.

ஓடினேன். எனக்கு அப்படியொரு கோபம். அத்தை மேல், மண் மேல், வெண்டைக்காய் மேல், எல்லாவற்றின் மேலும் கோபம். வினாத்தாளை வாங்கும்போதும் மனத்துக்குள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இவர்களை என்ன செய்வது, இவர்களை என்ன செய்வது என்று நினைத்தபடியே முதல் கணக்கைப் போட்டு முடித்துவிட்டேன். தேற்றத்தின் படத்தை வரைந்தபோது பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது. கை வேர்த்ததா இல்லையா என்று கவனிக்க மறந்துபோனேன். சில கணக்குகளை விட்டேன்தான். ஆனால் பாதியில் நின்றுபோகவில்லை. ரிசல்ட் வந்தபோது கணக்கில் தேறியிருந்தேன். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மார்க் ஒன்றும் இல்லை, தேறினேன்.

எழுதிவிட்டு வெளியே வந்தால் அம்மா அதே நிழலில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் இரண்டு முடிச்சு. வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பதில் இல்லை. பஸ்ஸில் கண்டக்டருக்குக்கூட இரண்டு விரலைக் காட்டித்தான் டிக்கெட் வாங்கினாள். இறங்க வேண்டிய ஊரை நான் சொன்னேன்.

வீட்டில் அத்தை வாசலில் அடுப்பைப் பற்றவைத்துத் தயாராக இருந்தாள். பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனிமேல் எதற்கு என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிழக்கே பார்க்க உட்காரவைத்து, ஒரு முடிச்சை அவிழ்த்துச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். மிளகாய் வெடித்து எல்லோரும் இருமினோம். நெடியே வரவில்லை பார், அவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்று அத்தை இருமிக்கொண்டே சொன்னாள்.

அம்மா இரண்டாவது முடிச்சையும் அவிழ்த்தாள். அதில் தூசிமண் கொஞ்சம்தான் இருந்தது. அதை யார் தலையையும் சுற்றவில்லை. காற்றிலேயே மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டாள். போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் போலீஸ்கார அம்மாவுக்குப் பொண்ணு ஒண்ணு இருக்குதாம். திண்டிவனத்துல இதே பரீட்சைய எழுதுதாம். டூட்டி போட்டதால கூடப் போவ முடியலயாம். எனுக்கும் சேத்துப் போட்டுடும்மான்னு அழுவாத கொறையா கேட்டாங்க."

"அந்தப் பொண்ணு கால் மண்ணு எப்படிக் கெடைச்சிது?" என்றாள் அத்தை.

"கெடைக்கல. அவங்க பூட்ஸ் அடியில இருந்து எடுத்துக் குடுத்தாங்க."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பரீட்சை எழுதுகிறது ஒரு பெண், திண்டிவனத்தில். மண் எடுத்தது அவள் அம்மா காலடியில், செஞ்சியில். சட்டமென்றால் எல்லாருக்கும் ஒரே சட்டம் வேண்டாமா? பயந்தவர் காலடி மண்தான் வேண்டும் என்று நேற்று அவ்வளவு கறாராகச் சொன்னாயே, இது மட்டும் செல்லுமா என்று அத்தையை மடக்கினேன். அவள் வசமாக மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

"செல்லும்" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டாள். அம்மாவும் பின்னாலேயே போனாள். இவர்களோடு பேசிப் பயனில்லை என்று நான் அடுத்த பரீட்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

அது எப்படிச் செல்லும் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. இந்த வருஷம் என் மகள் பத்தாவது எழுதுகிறாள். அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், படிக்கிறாள், தோழிகளோடு போனில் சிரித்துப் பேசுகிறாள். காலையிலிருந்து நாலு தடவை அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். "விடு நைனா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறாள்.